துலாபாரத்தில் கூடிப்போன ஒன்பது கிலோ

அந்தச் சேர்ல உக்காராதீங்க அம்மிணி, ஒரு காலு ஆடுது. இக்கட்டால வாங்க, என் பக்கத்துல. நேத்து எங்கூட்டுக்காரரக் காத்தாட இருக்கட்டும்னு கொண்டாந்து அதுலதானுங்க உக்கார வச்சாங்க. உக்காந்த ஒடனே கிறீச்சுனு ஒரு சத்தம். அந்த ரிசப்சன் புள்ள எட்டிப் பாத்துச்சு. மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கறதுன்னே எனக்குத் தெரியல. எங்க போனாலும் எனக்கு இதே பொழப்பாப் போச்சுங்க.

நெஞ்சுக்கு எக்கோ எடுக்கவா வந்தீங்க? அப்பாவுக்கா? அந்தா வெள்ளை வேட்டி, அவரா? பாருங்க, எத்தனை சிக்குனு இருக்காரு. குடுத்து வச்சவங்க நீங்க. எங்கூட்டுக்காரரு உள்ள இருக்காரு, இப்பத்தான் வீல்சேர்ல தள்ளிட்டுப் போனாங்க. ரெண்டு ஆளு தள்ளுனாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு ஆளு. உங்க டோக்கன் என்ன, இருபத்தி மூணா? இன்னும் நேரம் கெடக்குது. எட்டு நாளா இந்த ஆஸ்பத்திரியில கெடக்கறேன், பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளில்ல. ஒரே புள்ள, பெங்களூர்ல கட்டிக் குடுத்தாச்சு, அது வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருச்சு. காலையில இருந்து ஒரு விசயம் மண்டைக்குள்ள கொடஞ்சுட்டே இருக்குது. யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். கேளுங்க.

அவரு பேரு நாச்சிமுத்து. மஞ்ச மண்டியில எடை போடறவரு. முப்பது வருசமா அதே வேலைதான். மஞ்ச யாவாரம் பண்றவங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, நாச்சிமுத்து எடைன்னா மறுபேச்சில்லைன்னு. ஒருக்கா ஓனரே வந்து, மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறச்சு எழுதுன்னாராம். "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கங்க"ன்னு துண்டத் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுட்டாரு இவரு. எடையில மட்டும் பொய் வராது அந்த வாயில. பேரெல்லாம் நல்ல பேருதானுங்க. ஒடம்புதான் கருமம்.

கட்டிக்கிட்டப்ப இப்படியில்ல. அறுபத்தெட்டு கிலோ. சும்மா ஒரு உத்தேசமாச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, கல்யாணத்தன்னைக்குக் காலையில மண்டித் தராசுல ஏறிப் பாத்துட்டுத்தான் வந்தாராம், அப்படி ஒரு கிறுக்கு. பொறகு வருசா வருசம் ஏறுனதுதான். நானும் நல்லாத்தான் ஆக்கிப் போட்டேன், ஆக்கிப் போடாம இருப்பாங்களா? கட்டுனவளுக்குச் சமைக்கத் தெரியலைன்னு ஒரு பேச்சு வந்துறக்கூடாதல்ல. வட்டல்ல சோறு தீரத் தீர வச்சேன். அவரு வேண்டாம்னாலும் வச்சேன். வேண்டாம்னு சொல்லறதுதான் மருவாதி, வைக்கறதுதான் மருவாதி, எங்க பக்கம் அப்படி. அதுக்காக இப்படியா ஊதிப் போவாங்க ஒருத்தர்?

சொன்னா வாய் கூசுதுங்க. வவுத்து மடிப்புக்குள்ள பவுடரு அப்பிப் பசையா நிக்கும். பொடனியில வேர்வை எந்நேரமும். சட்டையில மூணாவது பொத்தான் நிக்கவே நிக்காது, தைச்சுத் தைச்சு என் கண்ணு போச்சு. குனிஞ்சு கால் நகம் வெட்ட முடியாது, அதையும் நாந்தான் வெட்டோணும். சோறு உண்கறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க மூக்குல இருந்து, உஸ்ஸு உஸ்ஸுன்னு. நான் வட்டல வச்சுட்டு அக்கட்டால சமையக்கட்டுக்குள்ள போயி நின்னுக்குவேன். எங்க தம்பி மக சீர்ல பிளாஸ்டிக் சேரு ஒடஞ்சு பந்தலுக்கு நடுவுல உக்காந்துட்டாரு. அத்தனை ஒறம்பரையும் சிரிச்சுது. எந்தம்பி பொண்டாட்டி கோகிலா இருக்காளே, அவ முந்தானைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. அன்னையில இருந்து நான் அவரத் தொட்டுப் படுத்ததில்லீங்க. சீன்னு போச்சு. பொம்பளப் புள்ளகிட்டச் சொல்றதுக்கு என்ன, உள்ளதச் சொல்றேன்.

நானும் எம்பத்தாறு கிலோதான், இல்லைங்கல. ஆனா இது புள்ள பெத்த ஒடம்பு. படியேறுனா எனக்கும் மூச்சு வாங்குது, அது வெயிலுக்கு. நேத்து ஒரு நர்சம்மா, "நீங்களும் ஒருக்கா பாத்துக்கங்கம்மா"ங்குது. எனக்கென்ன கேடு? நான் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கேன்.

தை மாசம் அவருக்கு மூச்சு முட்டுச்சு. மண்டியில மூட்டைகிட்ட இருந்து மேசைக்கு நடந்து வாரதுக்குள்ள நின்னு நின்னு வந்தாராம். அப்பத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு மொத மொத வந்தது. இதே ரூமுலதான் எக்கோ எடுத்தாங்க. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, எங்க புள்ள வயசுதான் இருக்கும். நல்லாத்தான் வெளக்கிச் சொல்லுச்சு. ஒடம்பு பெருக்கப் பெருக்க அத்தனைக்கும் ரத்தம் போயாகோணும், ஆனா இருதயம் அதே பழைய இருதயந்தான்னுச்சு. ரெண்டு ஏக்கராவுக்குப் போட்ட மோட்டார வச்சுப் பத்து ஏக்கராவுக்குத் தண்ணி பாய்ச்சற மாதிரின்னுச்சு. ரத்தக் கொதிப்பும் சேந்துக்குதாம். இருதயம் ஓவராத் தள்ளித் தள்ளி மொதல்ல அதோட சுவரு தடிச்சுப் போகுமாம், அப்பறம் நைஞ்சு போயி விரிஞ்சுக்குமாம். நூத்துக்கு அறுபதாவது பம்பு பண்ணோணும், இவருக்கு நாப்பதுதான் பண்ணுதுன்னுச்சு.

சரி, அதெல்லாம் வெளக்கம். அப்பறம் என்னயப் பாத்து ஒண்ணு கேட்டுச்சு பாருங்க. "வீட்டுல யாரு சமைக்கறது?"

யாரு சமைக்கறது! இதென்ன கேள்வி? பக்கத்து வூட்டுக்காரியா வந்து சமைப்பா? அந்த ரூமுக்குள்ள ரெண்டு நர்சு, ஒரு பயிற்சி டாக்டரு, எல்லாரும் என்னயப் பாக்கறாங்க. தின்னது அவரு, பேச்சு எனக்கு. அப்படியே கூசிக் குறுகிப் போயிட்டேனுங்க. "நாந்தான்"னேன். "உப்பைக் குறைங்க, தண்ணி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல வேண்டாம், வெயிட்டை மெல்ல மெல்லக் குறைக்கலாம், தினமும் காலையில எடை பாத்து எழுதி வைங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ள ரெண்டு கிலோ கூடுச்சுன்னா ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க"ன்னு சீட்டுல நம்பரு எழுதிக் குடுத்துச்சு. நான் அந்தச் சீட்டக் காலண்டர்ல குத்தி வச்சேன். உள்ளுக்குள்ள ஒரே வெசனம், ஒரே ஆத்திரம். வெளியில வந்த ஒடனே மலைக்கோவிலப் பாத்துக் கும்பிட்டு வேண்டிக்கிட்டேன். முருகா, இவரு நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாமக் காப்பாத்து, இவரு எடைக்கு எடை வெல்லம் வைக்கறேன்னு.

துலாபாரம் தெரியுமல்ல உங்களுக்கு? கோவில் மண்டபத்துல பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டுல ஆளு, ஒரு தட்டுல வெல்லமோ அரிசியோ. ஆளு தட்டு தரைய விட்டு எந்திரிச்சு ரெண்டும் சமமா நிக்கோணும். நின்னாத்தான் வேண்டுதல் செல்லும்.

மாசிக் கிருத்திகைக்குன்னு நாள் பாத்தோம். அதுக்குள்ள இவர எளைக்க வச்சுக் காட்டறேன் பாருன்னு எனக்கு ஒரு வைராக்கியம். அந்தப் புள்ள கேட்டுச்சே, யாரு சமைக்கறதுன்னு, அதுக்குப் பதில் சொல்லோணுமல்ல? சோத்த நிறுத்துனேன். கொள்ளுதான். கொழுப்பு கரையறதுக்குக் கொள்ள விட்டா வேற என்ன இருக்குது நம்ம பக்கம்? காலையில ரெண்டு சொம்பு கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுப் பருப்பு கையளவு, மறுக்கா ரெண்டு சொம்பு ரசம், பொழுது சாய ரெண்டு சொம்பு. வவுறு நெம்போணுமல்ல, பாவம். கல்லுப்பு தாராளமாப் போட்டாத்தான் அது எறங்கும், இல்லாட்டி வாயில வைக்க முடியாது. சோத்துல உப்பு போடக்கூடாதுன்னுதானே சொல்லுச்சு, சோறே போடலையே நானு. பசிக்குதும்பாரு. இன்னொரு சொம்பு ஊத்துவேன். மடக்கு மடக்குன்னு குடிப்பாரு. அந்தத் தொண்டை ஏறி எறங்கறதப் பாத்தா எனக்குப் பத்திட்டு வரும்.

மொத வாரம் ஒரு கிலோ எறங்குச்சுங்க. நூத்திப் பதினெட்டு. அன்னைக்கே மண்டி வழியாச் சொல்லி நாலு சிப்பம் வெல்லம் எறக்கிட்டேன். சிப்பம் முப்பது கிலோ, நாலு சிப்பம்னா நூத்தி இருபது. ரெண்டு கிலோ சாமிக்குக் கூடப் போகட்டும்னு வச்சேன்.

அதுக்கப்பறம் ஆரம்பிச்சுதுங்க வெனை. பத்தொம்பதரை. இருபத்தொண்ணு. இருபத்தி ரெண்டே முக்கால். வூட்டு எடை மிசின்ல அவரே ஏறி நின்னு, குனிஞ்சு பாக்க முடியாம என்னயப் பாக்கச் சொல்லி, அவரே பேனா எடுத்துக் காலண்டர் தாள்ல எழுதுவாரு. எழுதிட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. கொள்ளு ரசம் குடிக்கற ஒடம்பு ஏறுமாங்க? நீங்களே சொல்லுங்க. நீங்களும் என்னயாட்டத்தானே நெனச்சிருப்பீங்க? திருட்டுத் தீனி! மண்டியில ஒக்காந்து போண்டாவும் பஜ்ஜியுமா முழுங்கிட்டு, வூட்டுல வந்து நல்ல புள்ளையாட்ட ரசம் குடிக்கறாருன்னுதானே நெனைப்பீங்க?

நானும் அதத்தான் நெனச்சேன். சமையக்கட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். சட்டைப் பாக்கெட்டத் தடவிப் பாத்தேன். ஸ்கூட்டர் பொட்டியில ஒரு பேக்கரிக் கவரு கெடைச்சுது, தேங்கா பன் வாசம். கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "அது லோடுமேன் பசங்களுக்கு வாங்குனது சுலோ"ங்கறாரு. சுலோச்சனான்னு பேரு எனக்கு, அவரு சுலோம்பாரு. "எங்க, வாயத் தொறங்க"ன்னேன். அம்பத்தி மூணு வயசு மனுசன், ஆன்னு தொறந்து காட்டுனாரு. நான் மோந்து பாத்தேன். கொள்ளு வாசந்தான் அடிச்சுது. பல்லு வெளக்கிட்டு வந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஐய, என்ன மனுசன் இது, ஒரு பன்னுக்குப் பொய் பேசறாரேன்னு அத்தன அருவருப்பு எனக்கு.

காலு ரெண்டும் வீங்குச்சு. செருப்பு வாரு பதிஞ்ச எடத்துல வெரல் ஆழத்துக்குக் குழி. அமுக்குனா குழி அப்படியே நிக்கும், எந்திரிக்கவே எந்திரிக்காது. நகம் வெட்டறப்பத் தொட வேண்டி வந்து, தொட்டுட்டுக் கைய மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனேன். கொழுப்பு காலுக்கு எறங்கிருச்சுன்னு நெனச்சேன். அப்பறம் கட்டில்ல படுக்கறத விட்டுட்டாரு. மொதல்ல ரெண்டு தலகாணி கேட்டாரு, பொறகு மூணு. அதுக்கப்பறம் படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஈஸி சேர்லயே ஒக்காந்தபடி தூங்க ஆரம்பிச்சாரு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? அப்பாடான்னு இருந்துச்சுங்க. கட்டில் பூராவும் எனக்காச்சுன்னு இருந்துச்சு.

டாக்டரம்மாவுக்குப் போனா? பண்ணலீங்க.

அந்தச் சீட்டு காலண்டர்லயேதான் தொங்குச்சு. தெனம் அவரு எடை எழுதறப்பக் கண்ணுல படும். பண்ணுனா அந்தப் புள்ள என்ன கேக்கும்? யாரு சமைக்கறதுன்னு கேக்கும். ஒருக்கா நம்பரப் போட்டுட்டேன் கூட. மணி அடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். எனக்கு வெக்கம். இவரு தின்னு தின்னு ஏறுவாரு, நான் போயி அந்தச் சின்னப் புள்ளகிட்ட வாங்கிக் கட்டிக்கோணுமா?

கிருத்திகைக்கு மூணு நாள் இருக்கறப்ப அவரே சொன்னாரு. "சுலோ, நாலு சிப்பம் பத்தாது. நான் நூத்தி இருபத்தாறு இருக்கேன். ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாம். டாக்டரம்மாவ ஒருக்காப் பாத்துட்டு வந்துறலாம்"னாரு. பேசறதுக்குள்ள நாலு எடத்துல மூச்சு வாங்குச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சு, கோகிலா வாரா, அவ அக்காக்காரி வாரா. தள்ளி வச்சா என்னன்னு கேப்பாங்க, நான் என்ன சொல்றது? "மூணு நாள் வாயக் கட்டுங்க, தானா எறங்கும்"னு சொல்லிப்போட்டேன். மூணு நாளும் பச்சத் தண்ணியும் கொள்ளு ரசமுந்தான், வேற ஒண்ணும் கண்ணுல காட்டல. குடுத்ததக் குடிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் நான் சொன்னதுக்கு அவரு மறுபேச்சுப் பேசுனதில்ல.

கோவிலுக்கு வேன்லதான் போனோம், படியெல்லாம் அவரு ஏறற ஆளில்ல. வேன விட்டு எறங்கி மண்டபத்துக்கு இருவதடி இருக்கும். அதுக்குள்ள மூணு தடவ நின்னாரு. வாயத் தொறந்து மூச்சு விட்டாரு. ஒதடு ஒரு மாதிரி நாவப்பழக் கலருல இருந்துச்சு. குளிருதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். தட்டுல உக்கார வச்சாங்க. தட்டுக்கு வெளியில காலு ரெண்டும் நீட்டிக்கிட்டுக் கெடக்குது, வீங்கிப் போயி. பூசாரி சிப்பமா எடுத்து எதுத்த தட்டுல வைக்கறாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

தட்டு அசையல.

தரையோட தரையா ஒக்காந்திருக்காரு. பூசாரி என்னயப் பாக்கறாரு. "அம்மா, எடை கொறையுதுங்களே"ங்கறாரு. சுத்தி நின்ன கூட்டம் பூரா சிரிக்குது. யாரோ ஒருத்தன், "லாரி எடை மேடைக்குக் கூட்டிட்டுப் போங்க"ங்கறான். கோகிலா முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கிட்டா. எனக்கு ஒடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுது. சாமி சன்னதின்னு கூடப் பாக்காமக் கத்திப்போட்டேனுங்க. "திருட்டுத் தீனி தின்னு தின்னு சாமி வேண்டுதலையே கெடுத்துப்போட்டீங்களே, நீங்கெல்லாம் ஒரு மனுசனா, த்தூ"ன்னு. ஆமாங்க, த்தூன்னுதான் சொன்னேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பூசாரியப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னோட எடை தப்புங்க, மன்னிச்சுக்கங்க"ன்னாரு. முப்பது வருசம் ஊருக்கே எடை போட்ட மனுசன்.

எந்தம்பி அடிவாரத்துக்கு ஓடி ஒரு மூட்டை வெல்லம் வாங்கியாந்தான். அது வார வரைக்கும் தட்டுலயேதான் ஒக்காந்திருந்தாரு. அள்ளி அள்ளி வச்சு, ஏழு கிலோ ஏறுனதுக்கப்பறந்தான் தட்டு எந்திரிச்சுது. நூத்தி இருபத்தேழு. நான் வேண்டிட்டு வாங்குனப்ப நூத்திப் பதினெட்டு. ஒம்பது கிலோ. எறக்கி விட்டாங்க. எறங்குனவரு நாலடி நடந்தாரு. ஒரு இருமல் வந்துச்சு. இருமுனதுல நொரை நொரையா, செவப்பா என்னமோ வந்துச்சு. அப்படியே தூணப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு.

வேன்லயே இங்க கொண்டாந்துட்டோம். படுக்க வைக்கப் போனா, "படுக்க வைக்காதீங்க, படுக்க வைக்காதீங்க"ன்னு கையாட்டறாரு. மூஞ்சியில மாஸ்க்கு மாட்டுனாங்க, ஊசி போட்டாங்க. டாக்டரம்மா ஓடியாந்துச்சு. வந்ததும் கேட்டது, எடை எழுதி வச்ச தாளு எங்கன்னுதான். எந்தம்பி வூட்டுக்குப் போயிக் காலண்டரையே கழட்டிட்டு வந்தான். அந்தப் புள்ள ஒவ்வொரு தேதியா வெரல வச்சுப் பாத்துச்சு. பதினெட்டு, பத்தொம்பதரை, இருபத்தொண்ணு... அப்பறம் என்னயப் பாத்துச்சு. "ரெண்டு கிலோ கூடுனா ஒடனே கூப்பிடச் சொன்னேனே. ஏன் கூப்பிடல? நாலு நாள்லயே கூப்பிட்டிருக்கணும்மா நீங்க."

அப்பவும் சும்மா இருந்தனா? "அவரு திருடித் திங்கறாருங்க டாக்டர். நான் என்ன பண்ணட்டும்?"னு சொல்லிப்போட்டேன். அது மறுக்கா அந்தக் காலண்டரத் திருப்பிப் பாக்குது. அப்ப இவரு அந்த மாஸ்க்க ஒரு கையில வெலக்கிட்டு, மூச்சு முட்ட முட்டச் சொன்னாரு. "ஆமாங்க டாக்டர். நாந்தான் தின்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவ ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டா."

கேட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு. எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அப்பாடா, என் மானம் பொழச்சுதுன்னு இருந்துச்சு. சொன்னனா இல்லையான்னு எந்தம்பியப் பாத்தேன். மனுசன் உசுருக்கு ஊசலாடிட்டுக் கெடக்காரு, நான் செயிச்ச மாதிரி நின்னேன்.

ரெண்டாம் நாள் கைப்பழக்கத்துல ஒரு போசி கொள்ளு ரசம் வச்சு எடுத்துட்டு வந்தேன். நர்சம்மா மூடியத் தொறந்து நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்துச்சு. "என்னம்மா இத்தன உப்பு? ஒரு நாளைக்கு எவ்வளவு குடுத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. ஆறு சொம்புன்னேன். அப்படியே கொண்டு போயி டாக்டரம்மாகிட்டச் சொல்லிருச்சு. அந்தப் புள்ள வந்துச்சு. திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. பக்கத்துல ஒக்காந்து சொல்லுச்சு. "இருதயம் நைஞ்சு போனா ஒடம்புல இருக்கற தண்ணிய வெளிய தள்ள முடியாதும்மா. காலுல தேங்கும், நுரையீரல்ல தேங்கும். உப்பு அந்தத் தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். கால் வீங்குனது கொழுப்பு இல்ல. படுக்க முடியாமப் போனதும் அதனாலதான். ரெண்டு மூணு நாள்ல கூடற எடை தின்னு கூடற எடை இல்லம்மா, தண்ணி"ன்னுச்சு.

எனக்கு நம்பிக்கை வரலீங்க. டாக்டருங்க எதையாவது சொல்லுவாங்க. அவரே தின்னேன்னு சொன்னாரேன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா ஊசி போட்டதுல இருந்து அந்தக் குழாய்ல மூத்திரம் போவுது போவுது, போயிட்டே இருக்குது. மூத்திரப் பை நெம்ப நெம்பக் கொண்டு போயிக் கொட்டறாங்க. மொத நாளு மூக்கப் பொத்திக்கிட்டேன். பொறகு நானே எண்ண ஆரம்பிச்சேன். தெனம் காலையில கட்டில்லயே எடை பாக்கறாங்க. இருபத்தஞ்சு. இருபத்திரண்டரை. இருபது. வாய்க்குச் சோறு குடுத்துட்டேதான் இருக்காங்க, நல்லா ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு, உப்பில்லாத பொரியல். தின்னுட்டே எளைக்கறாரு. காலு பழைய காலாயிருச்சு. எலும்பு தெரியுதுங்க கணுக்கால்ல. எத்தன வருசத்துக்கப்பறம் பாக்கறேன் அந்த எலும்ப.

முந்தாநாள் மண்டியில இருந்து செங்கோடன் வந்தான், லோடுமேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்திருந்தான். அழுதுட்டான் பையன். "அண்ணன் ஒரு மாசமா டீ கூடக் குடிக்கறதில்லீங்க அக்கா. எங்களுக்கு பன்னு வாங்கிக் குடுத்துட்டு, நாங்க திங்கறதப் பாத்துட்டு நிப்பாரு. ஒரு கடி கடிங்கண்ணான்னா, வூட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன்டாம்பாரு"ன்னான்.

இன்னைக்குக் காலையில எடை பாத்தாங்க. நூத்திப் பதினஞ்சு அறுநூறு.

கணக்கப் போட்டுப் பாத்தீங்களா அம்மிணி? நான் காலையில இருந்து அதத்தான் போட்டுட்டு இருக்கேன். வெல்லம் எறக்குனப்ப நூத்திப் பதினெட்டு. தண்ணியெல்லாம் வடிஞ்சதுக்கப்பறம் நூத்திப் பதினஞ்சரை. தின்னிருந்தா ஏறியிருக்கோணுமல்ல? எறங்கியிருக்காரு. அந்த ஒம்பது கிலோவுல அவரு தின்னது ஒரு கவளம் கூட இல்ல. அத்தனையும் நான் ஊத்துனது. பசிக்குதுன்னவருக்குச் சொம்பு சொம்பா உப்புத் தண்ணிய ஊத்தி, அதச் சொமக்க வச்சு, கொண்டு போயித் தட்டுல உக்கார வச்சு, த்தூன்னேன். அவருக்குத் தெரியுங்க. தான் தின்னலைங்கறது அவருக்குத் தெரியுமல்ல? காலண்டர்ல கொறச்சு எழுதியிருக்கலாம், எழுதல. ஏறுனது ஏறுனபடி எழுதுனாரு. ஓனருக்கே எடையில பொய் சொல்லாத வாயி, எனக்காவ டாக்டர்கிட்டச் சொல்லியிருக்குது. தின்னேன்னு.

இத்தன நாளும் அவரப் பாத்துச் சீன்னு சொன்னேன். இப்ப என்னய நெனச்சா எனக்கே சீன்னு இருக்குதுங்க. இந்தக் கையி, எத்தன சோப்புப் போட்டாலும் கொள்ளு வாசம் போக மாட்டேங்குது. வந்த அன்னைக்குப் பம்பு இருபத்தஞ்சுதான்னாங்க. அது மேல வந்திருக்கா, அப்படியே நின்னுருச்சான்னு பாக்கத்தான் இப்ப உள்ள கொண்டு போயிருக்காங்க. மேல வரலைன்னா சிரமந்தான்னு டாக்டரம்மா நேத்தே சொல்லிருச்சு. வேண்டுதல் வேற செஞ்சாச்சு. நூத்தி இருபத்தேழு கிலோவ முருகன் ஏத்துக்கிட்டானா, என் வாய்ப் பேச்சுக்குக் கணக்கு வச்சிருக்கானா, எனக்குத் தெரியலீங்க.

ஆங்? நாச்சிமுத்துவா? நாந்தாங்க, நாந்தாங்க கூட வந்தது. என்னுங்க நர்சம்மா? எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கோணுமா? விழுந்துருவோம்னு பயப்படறாரா? பின்னால தாங்கிப் புடிக்க ஆளு வேணுமா? வேற யாரும் வேண்டாங்க, நானே வாரேன். நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கறேன், எத்தன நேரமானாலுஞ் சரி.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க அம்மிணி. மாத்துத் துணிதான், வேற ஒண்ணுமில்ல. இன்னைக்குக் கேக்காம விடப் போறதில்ல நானு. காதுகிட்டக் கேட்டுறப் போறேன், ஏனுங்க, தின்னேன்னு எதுக்குச் சொன்னீங்கன்னு. என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டு, மூச்சு வாங்கிட்டே, "தின்னேன் சுலோ"ம்பாரு.